ராமாயி காப்பியும் திறக்காத ஃபோல்டரும்

நம் காப்பிக் கிடங்குக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். மூட்டைகளில் ஏன் நம்பர் மட்டும் இருக்கிறது, விவசாயியின் பேர் ஏன் இல்லை என்று. நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் வேலையை விட்டு நின்ற பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான்.

பேர் தெரிந்தால் கை சாயும். சொந்தக்காரர் மூட்டை என்றால் கறுப்புக் கொட்டை கண்ணில் படாது. ஆகாதவர் மூட்டை என்றால் இல்லாத பூச்சி ஓட்டையெல்லாம் தெரியும். ருசி பார்க்க வருகிறவர்களின் நாக்கும் அப்படித்தான். அதனால் மூட்டையில் நம்பர் மட்டும் அடிப்போம் என்று பேசி, சண்டை போட்டு, ஒத்துக்கொள்ள வைத்தேன். எந்த நம்பர் யாருடையது என்பது கம்ப்யூட்டரில், பொது ஃபோல்டருக்குள் ஒரு பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கணக்கு பார்க்கும் நித்யாவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்க முடியும். மேனேஜருக்கும் கிடையாது. அதற்கும் சண்டை போட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழம் பறிக்கும் கூலியாக வந்தவள் நான். பிறகு களத்தில் காயவைத்தேன், மேசையில் கொட்டை பொறுக்கினேன், கடைசியில் கிடங்குச் சாவியை இடுப்பில் செருகினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் மூட்டைக்குள் கையை விட்டால் ஈரம் போதுமா, இன்னும் காயவேண்டுமா என்று சொல்லிவிடுவேன். பிறகு மிஷினை வைத்துப் பார்ப்பவர்கள், "சரிதாங்கம்மா" என்பார்கள். இந்தப் பெருமையை நான் ஒரு நாளும் மறைத்ததில்லை. கிடங்கம்மாவின் கை பொய் சொல்லாது என்று பக்கத்து ஊர் மஞ்சக்குட்டை வரை பேச்சு உண்டு. அந்தப் பேச்சு ஒரு நாள் என்னை எப்படி மடக்கப் பார்த்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது கணக்கு அறையின் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அதற்குத் திரை கிடையாது. திரை என்றைக்கோ எரிந்துபோனது, புதுத் திரைகளின் ஒயர் அதில் பொருந்தவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்து யாரும் வேலை செய்யாததால் ஒருவரும் கவலைப்படவில்லை. பொது ஃபோல்டர் இருந்தது அதற்குள்தான். எடை போடும் இடம், ஈரம் பார்க்கும் அறை, கணக்கு, மேனேஜர் அறை, ரோட்டோரத்தில் டூரிஸ்ட்டுகளுக்குத் தூள் விற்கும் கவுண்டர், இப்படி எல்லா இடத்துக் கம்ப்யூட்டர்களும் ஒயர் வழியாகப் போய் அந்த ஃபோல்டரைத்தான் திறக்கும்.

சேலத்திலிருந்து ஒரு சர்வீஸ்காரர் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். அதிகம் பேசாத மனிதர். ஒரு தடவை அதைத் துடைத்து வைத்துவிட்டு என்னிடம், "அம்மா, இதை அணைக்க உட்றாதீங்க. ஒருக்கா அணைஞ்சா மறுபடி எந்திரிக்குமான்னு என்னால உத்தரவாதம் சொல்ல முடியாதுங்க. புதுசு வாங்கச் சொல்லுங்க" என்றார். நானும் மேனேஜரிடம் சொன்னேன். புதுசு வரவில்லை. கரண்டு போனாலும் அணையாதபடி அதற்கென்று ஒரு பேட்டரி மட்டும் வந்தது.

இப்போது ராமாயி. மஞ்சக்குட்டைக்கு அந்தப் பக்கம் சரிவில் அவளுக்குக் கொஞ்சம் நிலம். ஒவ்வொரு செடியும் அவளே குழி தோண்டி வைத்தது. பல வருஷமாக அவள் காப்பி பெரிய எஸ்டேட் சரக்கோடு கலந்துதான் கீழே போனது. அந்த வருஷம் பெங்களூரில் காப்பி வறுத்து விற்கும் ஒருவர் மாதிரிகளை வாங்கிக் குடித்துப் பார்த்து, அவளுடையது மட்டும் தனியாக வேண்டும் என்று கேட்டார். பாக்கெட்டில் ராமாயி என்று பேர் போட்டு விற்பாராம். ஆனால் ஒரு கண்டிப்பு. பொதுச் சரக்கையும் ஏற்ற அவர் லாரி வரும் அன்றைக்கே இதுவும் தனியாக ஏறினால்தான் பேர். ஏறாவிட்டால் பொதுச் சரக்கோடு சேர்ந்து போகவேண்டியதுதான், அந்த வருஷம் பேர் கிடையாது.

அவர் குடித்துப் பார்த்த மாதிரியில் இருந்த நம்பர் வேறு. பிறகு தோல் நீக்கி மூட்டை கட்டும்போது நாங்கள் போட்ட நம்பர் வேறு. எது எதோடு சேரும் என்பது ஃபோல்டரில்தான் இருந்தது. ராமாயியின் மூட்டைகளை எந்த மூலையில் அடுக்கினோம் என்று எனக்கு நினைவிருந்தது உண்மை. ஆனால் முந்தின வாரத்து மழையில் கிடங்குக் கூரை ஒழுகி, மூட்டைகளை எல்லாம் அவசரமாக இழுத்து இந்தப் பக்கம் போட்டிருந்தார்கள். அடுக்கு கலைந்துவிட்டது.

லாரி வந்த அன்றைக்குக் காலையிலேயே ராமாயி ஷேர் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டாள். நல்ல சேலை, தலையில் கனகாம்பரம்.

"ஏனக்கா, கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்கறேனா?" என்றாள்.

"பொண்ணை அனுப்பற அன்னிக்கு அம்மாக்காரி இப்படித்தான் நிப்பா. உன்ற ஊட்டுக்காரர் வரலியா?"

"அவரா? பேரு போட்டா ரெண்டு பேரு பேரையும் போடோணும்னு நேத்து முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தாரு. 'குழி வெட்டறப்ப எங்க போயிருந்தீங்க'ன்னு கேட்டேன். எந்திரிச்சுத் துண்ட ஒதறிட்டு வெளிய போயிட்டாரு."

மத்தியானம் லாரி வந்து நின்றது. அப்போதே மேகம் கூடிவிட்டது. கோடை மழை. முதல் இடி உறுமியதும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கண்ணில் படும் பிளக்கை எல்லாம் பிடுங்குவார்கள். மலையில் இருப்பவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறினது. கம்ப்யூட்டரை முறையாக மூடுவது, ஃபோல்டரிலிருந்து வெளியே வருவது எதுவும் கிடையாது. பிடுங்கு, அவ்வளவுதான். அன்றைக்கும் பிடுங்கினார்கள். இடி அடங்கியது, மாட்டினார்கள். லாரியில் பொதுச் சரக்கை ஏற்ற ஆரம்பித்தோம். மறுபடியும் இடி, மறுபடியும் பிடுங்கினார்கள். மூலையில் இருந்த பழைய பெட்டி மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது இடி ஓய்ந்து எல்லாவற்றையும் மாட்டியபோது ஃபோல்டர் திறக்கவில்லை. எவர் கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லை.

அதன் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். எடை போடுகிறவர் ஒயர் போச்சு என்றார். கவுண்டரில் இருந்த பெண் வைரஸ் என்றாள். மேனேஜர், பாஸ்வேர்டை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். ஆளாளுக்குத் தட்டினார்கள். திறக்காதபோது இன்னும் வேகமாகத் தட்டினார்கள். சும்மா கிடந்த ஒரு லேப்டாப்பையும் கொண்டுவந்து மாட்டி அதிலும் தட்டினார்கள்.

லாரி டிரைவர் வாசலுக்கு வந்தார். "ஏனுங்கம்மா, பாக்கி மூட்டை எதுங்க? பனி எறங்குதுங்க. எறங்கிருச்சுன்னா கொண்டை ஊசியில இத்தனை லோடோட என்னால திருப்ப முடியாதுங்க. ஏத்தறதுன்னா ஏத்துங்க, இல்லீன்னா நான் கெளம்பறேன்."

மேனேஜர் என்னிடம் வந்தார். "பொதுச் சரக்குல சேத்து ஏத்திருங்கம்மா. பேரு அடுத்த வருஷம் போட்டுக்கலாம்."

ராமாயி பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் பார்க்கவில்லை.

மூட்டை தூக்கும் பழனிதான் அந்த யோசனையைச் சொன்னான். "எதுக்குங்க கம்ப்யூட்டரு? நம்ம அம்மா கையே கம்ப்யூட்டருதானுங்க. ராமாயி அக்கா காப்பியக் களத்துல காயவெச்சதே இவங்கதான். குத்தூசியப் போட்டு நாலு கொட்டை எடுத்துப் பாத்தாங்கன்னா முடிஞ்சுது."

எல்லார் முகமும் தெளிந்துவிட்டது. மேனேஜர்கூட, "அட, ஆமாங்கம்மா! நீங்க சொன்னா யாருங்க மறுப்பாங்க?" என்றார். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பழனி குத்தூசியை என் கையில் கொடுத்தே விட்டான்.

வாங்கினேன். மூட்டைகளிடம் போனேன். ஒவ்வொரு நம்பரிலும் குத்தி, உள்ளங்கையில் கொட்டை வாங்கி, உருட்டி, மோந்து பார்த்தேன். கை ஒன்றும் சொல்லாமல் இல்லை. ஒரு நம்பரில் நின்றது. நின்றது என்றால், அந்த மூட்டையைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. வாயைத் திறந்து, "இதுதான்" என்று சொன்னால் போதும். லாரி கிளம்பிவிடும், எல்லாரும் கும்பிடுவார்கள், ஊரெல்லாம் பேச்சாகும்.

பிள்ளைகளே, நம் தொழிலில் ரொம்ப ஆபத்தான நேரம் நமக்கு ஒன்றும் தெரியாத நேரமில்லை. பாதி தெரிந்து, மீதியும் நமக்குத் தெரியும் என்று நாலு பேர் நம்பிக்கொண்டு நிற்கிற நேரம்தான். அப்போது உங்கள் பேரே உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

குத்தூசியைப் பழனியிடம் திருப்பிக் கொடுத்தேன். "என்ற கைக்குக் காப்பி தெரியும். அது யார் ஊட்டுக் காப்பின்னு தெரியாது. ஃபோல்டரு தொறக்கட்டும்" என்றேன்.

"அம்மா, உங்க கை பொய் சொல்லாதுன்னு ஊருக்கே தெரியுமுங்களே" என்றார் மேனேஜர்.

"அதை ஊரு சொல்றதுங்க. நான் சொன்னதில்லை."

அப்போது ராமாயி என் முழங்கையைத் தொட்டாள். "அக்கா, நீங்க எதைக் காட்டறீங்களோ அதான் என்ற காப்பி. நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். சும்மா காட்டுங்கக்கா."

அன்றைக்கு எல்லாரும் சொன்னதிலும் என்னை அசைத்தது இதுதான். ஆனாலும் சொன்னேன். "நீ கேக்கமாட்ட கண்ணு. ஆனா நான் காட்டறது வேற ஒருத்தியோட மூட்டையா இருந்து, உன்ற பேரை ஒட்டி வித்தாங்கன்னா? அவளும் எங்கியோ ஒரு சரிவுல குழி தோண்டினவதானே?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கோபம் வந்திருக்கும். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"பேசாம அந்தப் பழைய பெட்டிய அணைச்சுப் போடலாங்களா?" என்று நித்யா கேட்டாள். அவள் படித்த பெண், கெட்டிக்காரி. வேறு கம்ப்யூட்டராக இருந்தால் அதுதான் சரியான வைத்தியம். ஆனால் இது எழும்பாமல் போனால் ராமாயி பேர் மட்டுமில்லை, அந்த வருஷத்துக் காப்பி மொத்தத்துக்கும் பேர் போய்விடும். அதற்குள் இருப்பதைத் தனியாக நகல் எடுத்து வைத்து வெகுநாளாகியிருந்தது. வேண்டாம் என்றேன். சர்வீஸ்காரரைக் கூப்பிடச் சொன்னேன்.

கணக்கு அறை ஜன்னலில் சாய்ந்து நின்றால்தான் போனில் பேச்சு கேட்கும். நித்யா ஜன்னலில் தொங்கிக்கொண்டு பேசினாள், சத்தத்தைப் பெரிதாக வைத்ததால் எனக்கும் கேட்டது. அவர் முதலில் கேட்டது ஒன்றுதான்: "தொறக்கலைன்னா, அது என்னன்னு சொல்லுது? படிங்க."

ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேர் தட்டியிருக்கிறோம், அத்தனை தடவையும் அது ஏதோ எழுதிக் காட்டியிருக்கிறது. வந்த வேகத்தில் அதை மூடிவிட்டு மறுபடி தட்டியிருக்கிறோம். நித்யா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இதுக்கு மேல யாரையும் சேத்துக்க முடியாதுன்னு சொல்லுதுங்க."

"அந்தப் பழைய பெட்டியில ஒரே நேரத்துல பத்துப் பேருக்குத்தான் எடம். இடி இடிச்சுதா அங்க?"

"ரெண்டு தடவை இடிச்சுதுங்க. ரெண்டு தடவையும் பிளக்கைப் பிடுங்கினோமுங்க."

"வெளிய வராம பிடுங்கிட்டீங்க. நீங்க போனது அதுக்குத் தெரியலீங்க. எல்லாரும் இன்னும் உள்ள இருக்காங்கன்னு நெனைச்சுட்டு இருக்கு. மறுபடி வந்தப்ப உங்களைப் புது ஆளுன்னு சேத்துக்கிச்சு. இப்ப ரொம்பிருச்சு."

நான் எட்டிப் பார்த்துக் கேட்டேன். "ஏனுங்க, பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட்டுப் பிடிச்சுட்டு, ஆளு டீ குடிக்கப் போன மாதிரிங்களா?"

அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "அதேதானுங்கம்மா. பஸ்ஸு பூரா துண்டு, ஆளில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்டா அதுவே ஒவ்வொரு துண்டா எடுத்துப் போட்டுரும். ஆனா எடம் காலியாகற நேரத்துல வேற எவனாவது ஏறிக்கக் கூடாது. எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைச்சுருங்க. உங்களுக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும். தட்டாதீங்க. கால் மணி நேரம் கையைக் கட்டிட்டு உக்காருங்க."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எடைக்காரர் அணைத்தார். ஈரம் பார்க்கும் அறையில் அணைத்தார்கள். கவுண்டர் பெண்ணிடம் டூரிஸ்ட்டுகள் வரிசையில் நின்றார்கள். "வாயால கணக்குப் போட்டுத் தாயேன் அம்மிணி, அவங்க மலையப் பாக்க வந்தவங்கதானே, கொஞ்ச நேரம் உன்னையும் பாக்கட்டும்" என்று சொல்லி அணைக்க வைத்தேன். டிரைவருக்கு டீ கொடுத்தேன்.

"டீக்கு நிக்கறனுங்க, பனிக்கு நிக்கமாட்டேன்" என்றார் அவர்.

"டீ பெரிய டம்ளருதானுங்க" என்றேன்.

நித்யா தன் கம்ப்யூட்டர் முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் சுற்றி நின்றோம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு தடவை தட்டிப் பார்க்கச் சொன்னேன். தட்டினாள். இடமில்லை என்றது.

எனக்குச் சந்தேகம் வந்தது. மேனேஜர் அறைக் கதவைத் திறந்தேன். அவர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "வந்துருச்சுங்கம்மா! எனக்கு ஃபோல்டரு வந்துருச்சு! ஆனா அந்தப் பேர்ப் பக்கம் மட்டும் தொறக்கலீங்க" என்றார்.

"உங்களுக்கு அது தொறக்காதுங்க. காலியான சீட்டுல நீங்க ஏறி உக்காந்துட்டீங்க."

"சும்மா, வந்துச்சான்னு பாத்தனுங்க." லேப்டாப் மூடியைச் சட்டென்று சாத்தப்போனார்.

"சாத்தாதீங்க! அதும் துண்டுதான். முறையா வெளிய வாங்க." வெளியே வந்தார். அணைத்தார். நான் அந்த லேப்டாப்பை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தேன். "இது என்றகிட்டயே இருக்கட்டுங்க." அவர் எனக்கு மேலதிகாரி. இருந்தாலும் கொடுத்துவிட்டார். அவர் நல்ல மனிதர், பொறுமைதான் இல்லை.

வெளியே லாரி உறுமியது. டிரைவர் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டுவிட்டார். எதிரே இருந்த சில்வர் ஓக் மரங்களின் பாதி வரை பனி வந்துவிட்டது. ராமாயி என்னிடம் வந்தாள்.

"அக்கா, உட்ருங்க. பொதுவுலயே போவட்டும். நொம்ப நேரம் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சுட்டீங்க எனக்காக."

"உனக்காக மட்டும் நிறுத்தலை. உக்காரு."

"போயிருச்சுன்னா?"

"போனா உன்ற காப்பி பேரில்லாம போவும். தப்பான பேரோட போவாது. உக்காருன்னு சொன்னேன்."

உட்கார்ந்தாள். நான் நித்யாவைப் பார்த்துத் தலையை அசைத்தேன். அவள் ஒரே ஒரு தடவை தட்டினாள்.

ஃபோல்டர் திறந்தது. அவள் பேர்ப் பக்கத்தைத் திறந்து, விரலால் திரையில் ஓட்டி, நம்பரைச் சத்தமாகச் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். பழனி அந்த நம்பர் மூட்டைகளைத் தேடி இழுத்துப் போட்டான். டிரைவர் எஞ்சினை நிறுத்தாமலே கதவைத் திறந்துவிட்டார். ஏற்றும்போது ஒவ்வொரு மூட்டையின் நம்பரையும் நானே கூட்டிப் படித்துச் சரிபார்த்தேன். "ஏனுங்கம்மா, இன்னமுமா?" என்று டிரைவர் கத்தினார். இன்னமும்தான் என்றேன். லாரி முன்விளக்கைப் போட்டுக்கொண்டு அடிவாரத்தைப் பார்த்து இறங்கியது. பத்திரமாகச் சேர்ந்தேன் என்று அவரே போன் செய்தார். திட்டிக்கொண்டேதான் செய்தார்.

அந்தப் பழைய பெட்டியை அடுத்த மாதமே மாற்றினார்கள். புதுசில் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாமாம். இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்வது: இடி இடித்தால் முதலில் முறையாக வெளியே வாருங்கள், பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். ஒன்று திறக்கவில்லை என்றால் அது என்ன சொல்கிறது என்று முதலில் படியுங்கள். எல்லாரும் தட்டும்போது நீங்களும் தட்டாதீர்கள். யாராவது ஒருவர் எல்லார் கையையும் எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், மேலதிகாரியின் லேப்டாப்பாக இருந்தாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு என் கை நின்றது எந்த நம்பரில், ஃபோல்டர் சொன்னதும் அதுவும் ஒன்றுதானா என்று இன்றும் கேட்கிறார்கள். பழனி கேட்டான், நித்யா கேட்டாள், மேனேஜர் என் பிரிவு உபசார விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டே கேட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை. சரியாக இருந்தது என்றால், அடுத்த தடவை ஃபோல்டரை விட்டுவிட்டு ஒரு கையைத் தேடுவீர்கள். தப்பாக இருந்தது என்றால், கையால் பார்த்துப் பழகுவதையே விட்டுவிடுவீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

ராமாயி பேர் போட்ட பாக்கெட் வந்தபோது அதை எடுத்துக்கொண்டு அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். காப்பி போட்டோம். குடித்துக்கொண்டே அவளும் கேட்டாள்.

"அக்கா, எனக்கு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு உங்க கை எதைக் காட்டுச்சு?"

"பாக்கெட்டுல யார் பேரு இருக்குது?"

"என்ற பேரு."

"உள்ள இருக்கறது யார் காப்பி?"

"என்ற காப்பி."

"அப்புறம் என்ற கைய எதுக்குக் கேக்கற? ஆறிப்போவுது, குடி."